கல்மண்டபமும் எங்கள் சாரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டம் கல்குளம் வட்டத்தில், பழைய திருவிதாங்கூர்ப் பாதையை ஒட்டி எங்கள் ஊரில் ஒரு கல்மண்டபம் இருக்கிறது. வயதானவர்கள் அதை வழியம்பலம் என்பார்கள். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் அதைக் காப்பாற்ற முப்பது வருடத்துக்கு மேலாக அலைந்துகொண்டிருக்கிறார். ஊரே அவரைச் சார் என்றுதான் கூப்பிடும். தன் பெயரை எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் இங்கேயும் அவர் சார்தான்.

நான் அவரிடம் எட்டாம் வகுப்பு படித்தேன். பிறகு அவர் கல்வெட்டு பார்க்கப் போகும்போதெல்லாம் வாளியும் பிரஷும் தூக்கிக்கொண்டு கூடப் போனேன். டீக்கடையில், கல்யாண வீட்டில், பஸ் நிறுத்தத்தில் எல்லாரும் என்னிடம் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். சாருக்கு இப்போது நாலு வார்த்தை பேசினாலே மூச்சு வாங்குகிறது. அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டு, அவரிடமிருந்து நான் தெரிந்துகொண்டதைப் பதிலாக எழுதியிருக்கிறேன்.

அண்ணாச்சி, நாலு தூணும் ஒரு கூரையும்தானே? அதுல அப்படி என்ன இருக்கு?

கட்டியபோது தூண் பன்னிரண்டு. மேலே கல்பலகை வேய்ந்த கூரை, மூன்று பக்கம் திண்ணை, பின்னால் ஒரு கிணறு, மாடு தண்ணீர் குடிக்கக் கல்தொட்டி. பஸ்ஸும் லாரியும் வருவதற்கு முன்னால் இந்த வழியாக உப்பு, கருவாடு, கருப்பட்டி எல்லாம் ஆளின் தலையில்தான் போயின. அப்படி நடந்தவர்கள் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கிய இடம் இது. நம் மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் உண்டு என்பதால் ஒதுங்க இடம் இல்லாமல் நடக்கவே முடியாது.

உள்ளே நுழைந்ததும் வலப்பக்கத்து உத்திரத்தை அண்ணாந்து பாருங்கள். ஐந்து வரி எழுத்து இருக்கிறது. வழிப்போக்கர்களுக்குக் கோடையில் சம்பாரமும் (நீர்மோர்) தண்ணீரும் கொடுப்பதற்காக ஒருவர் நிலம் எழுதி வைத்த செய்தி அது. எந்த நிலம், அதற்கு நாலு எல்லை எது, அதை யார் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றெல்லாம் விவரமாக எழுதியிருக்கிறார்கள். போரும் பட்டாபிஷேகமும் அதில் கிடையாது. முகம் தெரியாத ஆளின் தாகத்துக்கு ஒருவர் ஏற்பாடு செய்துவிட்டுப் போயிருக்கிறார். எனக்கு அதைவிடப் பெரிய செய்தி தோன்றவில்லை.

பக்கத்துல ரெண்டு கல்லு நட்டு மேல ஒரு கல்லு வச்சிருந்தாங்களே, அது என்ன?

சுமைதாங்கி. தலைச்சுமடோடு வருகிறவர் இறக்கி வைக்கவும் மறுபடி ஏற்றிக்கொள்ளவும் இன்னொருவர் கை வேண்டும். வழியில் ஆள் இல்லாவிட்டால் என்ன செய்வது? அதற்காகத்தான் அந்தக் கல், தலையிலிருந்து அப்படியே நகர்த்தி வைக்கத் தோதான உயரத்தில் இருக்கும்.

வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி நடுவது நம் பக்கத்து வழக்கம். சுமையை இறக்காமலே போனவளுக்காக, ஊரார் சுமையை இறக்க ஒரு கல். அதனால் சுமைதாங்கியைப் பிடுங்கி வேலிக்கல்லாக நடுகிறவர்களைப் பார்த்தால் சாருக்கு முகம் மாறிவிடும்.

சார் தொல்லியல் துறையில வேலை பார்த்தவரா?

இல்லை. பள்ளிக்கூடத்தில் யாப்பும் இலக்கணமும் சொல்லிக்கொடுத்தவர். அச்சான கல்வெட்டுத் தொகுதிகளை வைத்துக்கொண்டு வட்டெழுத்து என்ற பழைய எழுத்து முறையைத் தானே படித்துப் பழகினார். சனி, ஞாயிறு சைக்கிளில் கிளம்பிவிடுவார். ஒரு கோயில் மதில், ஒரு குளக்கரை, ஒரு மடை என்று பார்த்தது எல்லாம் நோட்டில் ஏறும். அப்படி நாற்பத்திரண்டு நோட்டுகள் சேர்ந்திருக்கின்றன. ஒரு பைசா யாரும் கொடுத்ததில்லை.

வாத்தியார்கள் கல்லைத் தேடிப் போவது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியராக இருந்துகொண்டே கல்வெட்டுகளைத் திரட்டி, பழைய திருவிதாங்கூர் மன்னர்களைப் பற்றி 1894இல் எழுதினார். தேரூரில் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை ஆசிரியர் வேலை பார்த்தபடியே கல்வெட்டு ஆராய்ச்சியிலும் இறங்கியவர். கவிமணியைக் கவிஞராக மட்டும் தெரிந்து வைத்திருக்கிறோமே என்று சார் அடிக்கடி வருத்தப்படுவார்.

அந்த எழுத்து தமிழா, மலையாளமாக்கும்? ஒண்ணும் படிக்க முடியலியே?

மொழி தமிழ். இடையிடையே மலையாள வாடை அடிக்கும், நம் பேச்சில் அடிப்பதைப் போல. எழுத்து வட்டெழுத்து. பாண்டிய நாட்டில் சோழர் ஆட்சி வந்த பிறகு இன்றைய தமிழ் எழுத்தின் பழைய வடிவம் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. நம் பக்கத்திலோ வட்டெழுத்து அதற்கப்புறமும் பல நூற்றாண்டு புழக்கத்தில் இருந்தது.

பிற்கால வட்டெழுத்தில் 'ப'வும் 'வ'வும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். சொல்லைப் பார்த்துத்தான் எழுத்தை முடிவு செய்ய வேண்டியிருக்கும். பகலில் போய்ப் பார்த்துவிட்டு "ஒன்றும் இல்லையே" என்பவர்களுக்குச் சார் சொல்லும் வழி இது: இருட்டின பிறகு போங்கள், டார்ச் விளக்கைக் கல்லுக்கு நேராகப் பிடிக்காமல் பக்கவாட்டில், கல்லோடு ஒட்டினாற்போல் பிடியுங்கள். பள்ளமெல்லாம் நிழலாகி எழுத்து எழும்பி வரும். முதல் தடவை அப்படிப் பார்த்தபோது எனக்குப் பதின்மூன்று வயது. வெறும் கல் என்று நினைத்திருந்த இடத்தில் வரி வரியாக எழுத்து தெரிந்தது, கை நடுங்கிவிட்டது.

வருஷம் கொல்லம்னு போட்டிருக்கே, அதை எப்படிக் கணக்கு பாக்கது?

கொல்லம் ஆண்டு என்பது மலையாளப் பக்கத்து ஆண்டுக் கணக்கு. அது ஆவணி முதல் தேதி பிறக்கும். ஆங்கில வருடம் வேண்டுமானால், மார்கழிப் பிற்பாதி தொடங்கி ஆடி முடிய உள்ள நாளுக்கு 825 கூட்டுங்கள். ஆவணியிலிருந்து மார்கழி நடுவரைக்கும் 824. உதாரணத்துக்கு, குளச்சல் போர் நடந்தது 1741 ஆகஸ்ட் 10. ஆடி மாதக் கடைசி. கொல்லம் கணக்கில் அது 916. ஒரு வாரம் தள்ளி நடந்திருந்தால் 917 ஆகியிருக்கும்.

கல்லில் எண்ணை இப்போது எழுதுவதுபோல் எழுத மாட்டார்கள். ௯௱௰௬ என்று இருக்கும்: ஒன்பது நூறு, பத்து, ஆறு. நூறுக்கு ௱, பத்துக்கு ௰. இந்த இரண்டையும் தெரிந்துகொண்டால் நம் மாவட்டத்துக் கோயில் சுவர்களில் பாதி வருடங்களை நீங்களே படித்துவிடலாம்.

இது கவர்மென்ட் பாதுகாக்கிற இடம் இல்லியா? சட்டம் இருக்கே?

சட்டம் இருக்கிறது. மத்திய அரசின் 1958ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, தமிழ்நாட்டின் 1966ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று. ஆனால் இரண்டும், அறிவிக்கை போட்டுப் பட்டியலில் சேர்த்த இடங்களைத்தான் முழுதாகக் காக்கும். சிதறால் மலை, வட்டக்கோட்டை போன்றவை இந்தியத் தொல்லியல் துறையின் கையில் இருக்கின்றன. பத்மநாபபுரம் அரண்மனை 1956இல் நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பில்தான் இருக்கிறது. எங்கள் மண்டபம் எந்தப் பட்டியலிலும் இல்லை. மாவட்டம் முழுக்க இப்படிப் பட்டியலுக்கு வெளியே நிற்கும் கற்கள்தான் அதிகம்.

இன்னொன்று. குமரி மாவட்டக் கல்வெட்டுகளைத் தமிழ்நாடு தொல்லியல் துறை தொகுதி தொகுதியாக அச்சிட்டிருக்கிறது. அதற்கு முன்பே திருவிதாங்கூர் அரசு கோபிநாத ராவ் போன்ற அறிஞர்களை வைத்துப் படியெடுத்து வெளியிட்டது. அச்சில் ஏறிவிட்டால் வாசகம் பிழைத்துக்கொள்ளும். கல்லுக்கு அதனால் ஒரு பாதுகாப்பும் கிடைக்காது.

இத்தனை மனு கொடுத்தும் ஏன் ஒண்ணும் நடக்கல?

ஒரு அலுவலகத்தில் "நிலம் யாருடையது?" என்று கேட்டார்கள். அதைக் கேட்டுக்கொண்டு இன்னொரு அலுவலகத்துக்குப் போனால் "சாலைப் புறம்போக்கு, எங்களிடம் இல்லை" என்றார்கள். மூன்றாவது இடத்தில் "கோயிலா? கோயில் என்றால் வேறு துறை" என்றார்கள். கோயில் இல்லை, சாமி இல்லை, வருமானம் இல்லை. வழிப்போக்கருக்காகக் கட்டியதால் உரிமை கொண்டாட யாரும் இல்லை. எல்லாருக்கும் பொதுவாக இருந்ததே அதற்கு வினையாகிவிட்டது.

சார் வீட்டில் ஒரு பிஸ்கட் டப்பா இருக்கிறது. அதில் முழுக்கப் பதிவுத் தபால் ரசீதுகளும் ஒப்புகை அட்டைகளும். பதில் வந்த கடிதங்கள் ஒன்பது. ஒன்பதிலும் ஏறக்குறைய ஒரே வாசகம்: மனு உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டுள்ளது. நல்ல அதிகாரிகளும் வந்தார்கள், அதையும் சொல்ல வேண்டும். ஒருவர் வந்து திண்ணையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஐந்து வரியையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். அடுத்த மாதம் அவருக்கு மாறுதல் வந்துவிட்டது.

ரோடு வேலை நடந்தப்போ சார் ஜேசிபி முன்னால போய் நின்னாராமே, உண்மையா?

உண்மை. ஆனால் சினிமாவில் வருவதுபோல் இல்லை. காலை ஆறரைக்கு யாரோ போன் செய்தார்கள். நாங்கள் போகும்போது சுமைதாங்கி ஏற்கெனவே சரிந்து, மேல்கல் இரண்டாக உடைந்து கிடந்தது. சார் ஓட்டுநரிடம் சண்டை போடவில்லை. "தம்பி, ஒரு கட்டன் சாயா குடிப்போம், அதுவரைக்கும் வண்டியை நிறுத்து" என்றார். அந்தப் பையன் இறங்கி வந்தான். உத்திரத்து எழுத்தைக் காட்டி, தண்ணீர் தர்மத்தைச் சொன்னார். அவன் மேஸ்திரியைக் கூப்பிட்டான், மேஸ்திரி வேறு யாரையோ கூப்பிட்டார். மதியத்துக்குள் ரோட்டோர ஓடைக்குக் குறித்த வழியை நான்கு அடி தள்ளிப் போட்டுக்கொண்டார்கள். மண்டபம் தப்பியதற்குக் காரணம் ஒரு வண்டி ஓட்டுநர். அவன் எந்த ஊர் என்றுகூட எங்களுக்குத் தெரியாது.

முழுதாகத் தப்பவில்லை. கிழக்குப் பக்கத்து இரண்டு தூண்கள் போயின. அதிர்ச்சியில் உத்திரத்தில் விரிசல் விழுந்து ஒரு துண்டு தெறித்தது. முதல் வரியில் வருடம் எழுதிய இடம் அது. இன்றைக்குக் கல்லில் 'கொல்லம்' என்ற சொல் இருக்கிறது, எண் இல்லை. பத்மநாபபுரம் திருவிதாங்கூரின் தலைநகரமாக இருந்த காலத்துக் கல் என்று நாங்கள் உறுதியாகச் சொல்வது, பல வருடத்துக்கு முன்னால் சார் எடுத்து வைத்த மைப்படியை வைத்துத்தான்.

மைப்படின்னா என்ன? நாங்களும் எடுக்கலாமா?

கல்லை மெல்லிய பிரஷும் தண்ணீரும் வைத்துச் சுத்தம் செய்து, நனைத்த தாளை அதன்மேல் ஒட்டி, பிரஷால் சீராகத் தட்ட வேண்டும். தாள் எழுத்தின் பள்ளத்துக்குள் இறங்கும். ஈரம் கொஞ்சம் வாங்கியதும் மை தொட்ட பஞ்சுப் பொதியால் மேலே ஒற்றினால் மேடு கறுப்பாகும், எழுத்து வெள்ளையாக நிற்கும். கேட்க எளிது. எனக்குக் கை வர ஒரு வருடம் ஆனது. மை அதிகமானால் தாளைத் தாண்டிக் கல்லில் இறங்கிவிடும்.

பழகாமல் செய்ய வேண்டாம். மேலே சொன்னபடி டார்ச்சைப் பக்கவாட்டில் நாலு திசையிலிருந்தும் மாற்றி மாற்றிப் பிடித்து, போன் கேமராவால் படம் எடுங்கள். பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்துக்கொள்ளுங்கள். அதுவே பெரிய உதவி. ஆணி, கம்பி பிரஷ், ஆசிட், சாக்பீஸால் எழுத்தின்மேல் வரைவது, எதுவும் கூடாது. சாக்பீஸால் வரைகிறவர் தனக்குத் தெரிந்த எழுத்தைத்தான் வரைவார். அடுத்து வருகிறவர் அதையே படிப்பார்.

புதையல் இருக்குன்னுதானே அவரு விடாம சுத்துறாரு?

இந்தக் கேள்வியை விட்டுவிட நினைத்தேன். ஆனால் அதிகம் கேட்கப்பட்டது இதுதான். இல்லை. புதையல் இல்லை. இந்தப் பேச்சை நம்பி யாரோ இரண்டு தடவை ராத்திரியில் தூணின் அடியைத் தோண்டியிருக்கிறார்கள். ஒரு தூண் இன்றும் சாய்ந்து நிற்பதற்கு அதுதான் காரணம். மண்ணுக்கடியில் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது கிடைத்தாலும் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது.

சாரைக் கிறுக்கன் என்று சொன்னவர்கள் உண்டு, எனக்குத் தெரியும். அவருடைய மனைவி, எங்களுக்கு டீச்சரம்மா, அதைக் கேட்டு அழுத நாளும் எனக்குத் தெரியும். தன்னைச் சொன்னதற்குச் சார் ஒன்றும் சொன்னதில்லை. தூணைத் தோண்டினதற்குத்தான் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தார்.

கல்வெட்டுக் கல்லை மட்டும் எடுத்து மியூசியத்துல வச்சா போதாதா?

உடைந்து விழுந்து கிடப்பதற்கு அது நல்ல இடம். நிற்பதை எடுக்கக் கூடாது. முதல் பதிலில் நாலு எல்லை என்று சொன்னேன் அல்லவா? "அம்பலத்துக்குக் கிழக்கு, குளத்துக்கு மேற்கு" என்று கல்லில் இருந்தால், அம்பலம் அங்கேயே நின்றால்தான் அந்தச் சொல்லுக்கு அர்த்தம். எங்கள் குளம் இப்போது பாதி தூர்ந்து வாழைத்தோட்டமாகக் கிடக்கிறது. கல்லை வைத்துத்தான் குளம் எதுவரைக்கும் இருந்தது என்று காட்ட முடிந்தது.

பார்த்திவபுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆய் வம்சத்து மன்னன் கோகருநந்தடக்கன் 9ஆம் நூற்றாண்டில் அங்கே கோயில் எழுப்பி, 95 மாணவர்கள் படிக்கச் சாலை என்ற கல்விக்கூடம் ஏற்படுத்தியதைச் செப்பேடு சொல்கிறது. செப்பேடு ஊரைவிட்டுப் போய்விட்டது. ஆனால் கோயில் இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஏட்டைப் படித்துவிட்டு அங்கே போய் நின்றால், பிள்ளைகள் உட்கார்ந்து படித்த ஊர் இதுதான் என்று கண்ணால் பார்க்கலாம்.

நாங்க பெயின்ட் அடிச்சு, டைல்ஸ் போட்டு, பாக்கக் கொள்ளாம்னு வச்சுக்கிடலாமே. அதுவும் பாதுகாப்புதானே?

நல்ல மனசோடு கேட்பது தெரிகிறது, ஆனால் வேண்டாம். எனாமல் பெயின்ட் எழுத்தின் பள்ளத்தை அடைத்துவிடும். அதை எடுக்க மணலைப் பீய்ச்சி அடித்தால் பெயின்ட்டோடு எழுத்தும் போகும். சிமென்ட் பூச்சு உள்ளே ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நம் மழைக்கு அது நல்லதல்ல. பழைய சுண்ணாம்புப் பூச்சு இருந்தால் அப்படியே விடுங்கள்.

செய்ய வேண்டியது ரொம்பச் சாதாரணம். கூரையில் முளைக்கும் ஆலங்கன்றை விரல் மொத்தம் ஆவதற்கு முன்னால் பிடுங்குங்கள். தண்ணீர் தேங்காமல் வழி விடுங்கள். போஸ்டர் ஒட்டாதீர்கள். வருடத்துக்கு இரண்டு நாள் வேலை.

மார்த்தாண்ட வர்மா ராஜா இங்க ஒளிஞ்சிருந்தாருன்னு எங்க பாட்டா சொன்னாரு. சார் இல்லேங்கிறாரே?

சார் இல்லை என்று சொல்வதில்லை. "ஆதாரம் இல்லை" என்பார். மார்த்தாண்ட வர்மா 1729 முதல் 1758 வரை திருவிதாங்கூரை ஆண்டவர். எதிரிகளிடமிருந்து அவர் தப்பி ஒளிந்த கதை நம் மாவட்டத்தில் ஊருக்கு ஒன்று உண்டு. ஒரு தடவை, "ராஜா தங்கிய மண்டபம் என்று ஒரு வரி சேர்த்து எழுதிக் கொடுங்கள், சுற்றுலாப் பணம் வாங்கித் தருகிறேன்" என்று ஒருவர் வந்தார். சார் எழுதிக் கொடுக்கவில்லை. எனக்கே அன்று கோபம் வந்தது. அந்த ஒரு வரியை எழுதியிருந்தால் மண்டபம் முழுதாக இருந்திருக்குமே என்று இப்போதும் சில நாள் தோன்றும். அதே சமயம், அவர் நோட்டில் இருப்பதை யாரும் சந்தேகப்படாததற்குக் காரணமும் அந்தப் பிடிவாதம்தான்.

பாட்டா சொன்ன கதையை விட்டுவிடாதீர்கள். யார் சொன்னது, எந்த வருடம் கேட்டது என்று போட்டுத் தனியாக எழுதி வையுங்கள். கதையும் ஊர்ச் சொத்துதான்.

கல்லுல எங்க ஆளுக பேரு இருக்கா? இருந்தா நாங்க பாத்துக்கிடுவோம்.

தர்மம் செய்தவர் பெயர் இருக்கிறது. சாதிப்பெயர் தெரியும் இடம் தேய்ந்துவிட்டது. சார் அதை நோட்டில் புள்ளி வைத்தே விட்டிருக்கிறார், ஊகித்து நிரப்பவில்லை. சிதறால் மலைக்குப் போய்ப் பாருங்கள். பாறையில் தீர்த்தங்கரர்கள் இருக்கிறார்கள். ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டில் குணந்தாங்கி குரத்திகள் என்ற சமணப் பெண்துறவி அங்கே பொன்னணி கொடுத்த கல்வெட்டு இருக்கிறது. பிற்பாடு அதுவே பகவதி கோயிலாகி விளக்கும் எரிகிறது. யாருடைய ஆளுக என்று அங்கே எப்படிப் பிரிப்பீர்கள்?

எங்க தோட்டத்துல எழுத்து உள்ள கல்லு ஒண்ணு கிடக்கு. வெளியே சொன்னா நிலத்தை எடுத்துக்கிடுவாங்களோ?

இந்தப் பயத்தால்தான் நிறையக் கற்கள் துணி துவைக்கும் கல்லாகிவிட்டன. கல் கிடக்கிறது என்பதற்காக நிலம் போய்விடாது. 100 மீட்டருக்குள் கட்டக் கூடாது, அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டருக்கு அனுமதி வாங்க வேண்டும் என்ற விதி, மத்திய அரசு பாதுகாக்கப்பட்டதாக அறிவித்த சின்னங்களைச் சுற்றித்தான். அப்படி அறிவிப்பதற்கு முன்னாலும் இரண்டு மாதம் அவகாசம் கொடுத்து ஆட்சேபம் கேட்பார்கள்.

கல்லைப் புரட்டாமல், கழுவாமல், கிடக்கும் நிலையிலேயே படம் எடுங்கள். சர்வே எண்ணைக் குறித்துக்கொண்டு கிராம நிர்வாக அலுவலரிடமோ தாசில்தாரிடமோ எழுத்து மூலம் சொல்லுங்கள், ஒரு நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். விற்காதீர்கள். நூறு வருடத்துக்கு மேற்பட்ட சிற்பத்தையோ கல்வெட்டையோ நினைத்தபடி விற்கவும் வெளிநாட்டுக்குக் கொண்டுபோகவும் 1972ஆம் ஆண்டுச் சட்டம் விடாது.

சாருக்கு விருது எதுவும் கிடைக்கலியா?

இல்லை. ஒரு பொன்னாடை கிடைத்தது, பள்ளிக்கூட ஓய்வு விழாவில்.

அவருக்கப்புறம் அந்த நோட்டெல்லாம் என்ன ஆகும்?

நாற்பத்திரண்டில் மூன்றைக் கரையான் அரித்துவிட்டது. மீதியைப் பக்கம் பக்கமாகப் போனில் படம் பிடித்து மூன்று இடத்தில் வைத்திருக்கிறோம். மைப்படிகளை மடிக்காமல் சுருட்டி, பழைய வேட்டித் துணியில் சுற்றி வைத்திருக்கிறோம். இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும், அந்தத் தவறு என்னுடையது.

இப்போது கல்லூரியில் படிக்கிற ஒரு பெண் ஞாயிற்றுக்கிழமைதோறும் வட்டெழுத்து படிக்க வருகிறாள். போன வாரம் நாலாவது வரியில் சார் 'ப' என்று எழுதி வைத்திருந்த ஒரு எழுத்தை அவள் 'வ' என்றாள். சார் ஒப்புக்கொள்ளவில்லை, அவளும் விடவில்லை. சாயங்காலம் ஆட்டோ பிடித்து, டார்ச்சோடு மூன்று பேரும் மண்டபத்துக்குப் போனோம். சார் திண்ணையில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டே வெளிச்சத்தை எங்கே பிடிக்க வேண்டும் என்று கை காட்டினார். 'வ'தான். வீட்டுக்கு வந்ததும் பதினேழாவது நோட்டை எடுத்து, பழையதை ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் திருத்தம் எழுதி, தேதியும் அந்தப் பெண்ணின் பெயரும் போட்டு வைத்தார்.